சூடேறி நின்ற ஸ்போர்ட்ஸ் கார்: சாவியை மறுபடி திருப்பும் முன் செய்ய வேண்டியவை

வெப்பநிலை முள் சிவப்பைத் தொட்டது. போனட் ஓரத்தில் ஆவி கிளம்பியது. வண்டியை ஓரங்கட்டினீர்கள். அரை மணி நேரத்தில் ஆவி அடங்கிவிட, தண்ணீர் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே பிடித்துக்கொள்கிறது. சத்தமும் பழையபடியே இருக்கிறது. தப்பித்தோம் என்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம்.

சூடேறிய எஞ்சின்கள் பலவும் உண்மையில் பாழாவது இந்த இரண்டாவது ஓட்டத்தில்தான். முதல் சூட்டில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) ஓரிடத்தில் லேசாக விட்டுக்கொடுத்திருக்கும். அந்த நிலையில் நிறுத்தியிருந்தால் ஹெட்டை இறக்கிச் சீர்செய்வதோடு வேலை முடிந்திருக்கும். மறுபடி ஓட்டியதால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஆயிலில் கலந்து பேரிங் தேய்ந்து, பிஸ்டன் உரசி, எஞ்சினையே பிரிக்க வேண்டிய நிலை வருகிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது என்பதால் மட்டும் அது நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. கீழே சொல்லும் சோதனைகளில் பாதிக்கு எஞ்சின் ஓடவே தேவையில்லை. அவற்றை முதலில் முடியுங்கள்.

முதல் பத்து நிமிடம்

முள் ஏறத் தொடங்குகிறது, இன்னும் சிவப்பைத் தொடவில்லை என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டர் கோர் என்பது உண்மையில் இன்னொரு சின்ன ரேடியேட்டர். வெக்கையில் வேர்த்தாலும் அந்தச் சில நிமிடங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். ரேஸ் டிராக்கில் இருந்தால் கியரை ஏற்றி, எஞ்சின் சுழற்சியைக் குறைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தாலே பெரும்பாலும் சூடு இறங்கிவிடும்.

சிவப்பைத் தொட்டுவிட்டது, அல்லது ஆவி தெரிகிறது, அல்லது ஹீட்டரில் திடீரென்று குளிர்ந்த காற்று வருகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். ஹீட்டரில் குளிர்காற்று வருவதுதான் இவற்றில் மோசமான அறிகுறி. சுற்றிவரக் கூலண்டே மிச்சமில்லை என்று அதற்கு அர்த்தம். "அடுத்த திருப்பம் வரைக்கும்தானே" என்று ஓட்டும் அந்த ஒரு நிமிடம், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தைவிட அதிகம் கெடுக்கும்.

எஞ்சினை நிறுத்தியபின் சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்துப் பாருங்கள். பல கார்களில் எலெக்ட்ரிக் ஃபேனும், சிலவற்றில் துணை வாட்டர் பம்பும் எஞ்சின் ஓடாமலேயே சுற்றும். அப்படிச் சுற்றினால் சுற்றவிடுங்கள். டர்போ உள்ள கார்களுக்கு இது கூடுதல் நன்மை. எஞ்சின் நின்றபின்தான் டர்போவின் நடு உடலில் வெப்பம் தேங்கி, அங்கிருக்கும் ஆயில் கரியாகப் படியும்.

செய்யக் கூடாதவை இரண்டு. ரேடியேட்டர் மூடியையோ கூலண்ட் டேங்க் மூடியையோ திறக்கக் கூடாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடியின் அழுத்தத்தில்தான் அது 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். இரண்டாவது, சூடான எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. அதுவரை வளைந்ததோடு நின்றிருந்த ஹெட், அந்த அதிர்ச்சியில் விரிசல் விடலாம். எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பக்கம் போகும் மேல் ஹோஸ், கையால் அமுக்கினால் தளர்ந்து, மிதமான சூட்டுக்கு இறங்கும்வரை காத்திருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

அதன்பிறகு டோ வண்டிதான். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

மறக்கும் முன் எழுதி வையுங்கள்

மெக்கானிக்கிடம் போய் "ஓவர்ஹீட் ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதித் தகவல்தான் போய்ச் சேரும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் உள்ளே கூலண்ட் இருந்ததா என்ற மூன்றும்தான் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. முள் எங்கே நின்றது, சிவப்பில் எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள், எச்சரிக்கை விளக்கு எப்போது வந்தது, இழுவை குறைந்ததா, டக்டக்கென்று நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரியும் சத்தம்) கேட்டதா, எஞ்சின் தானாக நின்றதா நீங்கள் நிறுத்தினீர்களா என்பதையெல்லாம் போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தானாக நின்றிருந்தால் கதை வேறு. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் அது நடுவில் நிற்கும்படியே அமைத்திருப்பார்கள். கூலண்ட் பல டிகிரி ஏறி இறங்கினாலும் அசையாது. அசைவது தெரியும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். கூலண்ட் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்பதால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கவும் கூடும். எனவே ஸ்கேனரை மாட்டி, காரின் கணினி பதிந்துவைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளை (கோடு) படியுங்கள். பி0217 என்றால் கூலண்ட் அளவுமீறிச் சூடேறியது. பி0300 வரிசை என்றால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. கோடு விழுந்த கணத்தின் வெப்பநிலை, வேகம், சுமை ஆகியவை 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பதிவில் இருக்கும். அதைப் படமெடுத்து வைக்காமல் கோடுகளை அழிக்காதீர்கள், யாரையும் அழிக்கவும் விடாதீர்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கும்

இது புரிந்தால்தான் எந்தச் சோதனையை ஏன் செய்கிறோம் என்பது புரியும்.

அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 450 மி.மீ. நீளமுள்ள ஹெட் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 1 மி.மீ. நீளப் பார்க்கும். கீழே இருக்கும் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) இரும்பு என்றால் அது அரை மி.மீ.தான் நீளும். நடுவில் மாட்டிக்கொள்வது கேஸ்கெட். பிளாக்கும் அலுமினியமாக இருந்தால் இந்த இழுபறி குறையும், ஆனால் ஆபத்து விலகிவிடாது. எஃகு போல்ட்கள் இறுக்கிப் பிடித்திருக்க, ஹெட் உயரவாக்கிலும் விரிகிறது. விரிய இடமில்லாததால் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. ஆறியபின் போல்ட்களின் பிடி தளர்ந்திருக்கும். அந்தச் சந்தில்தான் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஹெட்டின் அலுமினியம் வெப்பப் பதனம் செய்து கெட்டியாக்கப்பட்டது. மிகையான சூட்டில் அந்தக் கெட்டித்தன்மை போய்விடும். மட்டமாகச் சீவிக் கொடுத்தாலும் மென்மையான ஹெட் மறுபடி அமுங்கும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி மிகக் குறைவு. பிஸ்டன் விரியும்போது ஆயில் படலம் அறுந்து, பிஸ்டனின் பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதி சுவரில் உரசிக் கோடு போடும். சிலிண்டர் சுவரில் இரும்பு லைனர் இல்லாமல் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சோ, சிலிக்கன் கலந்த அலுமினியமோ உள்ள எஞ்சின்களில் அந்தக் கோட்டைச் சாதாரண லேத்தில் துளைபோட்டுச் சரிசெய்துவிட முடியாது. டர்போவோ உயர்ந்த கம்ப்ரெஷனோ (சிலிண்டரில் காற்றை அமுக்கும் அளவு) இருந்தால், சூடேறிய நிலையில் வரும் நாக்கிங் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பையே உடைத்துவிடும். ஆயிலும் நீர்த்துப் போயிருக்கும், பேரிங்கைத் தாங்க வேண்டிய படலம் மெலிந்திருக்கும்.

மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி எஞ்சின்கள் தனி இனம். அவற்றில் ஹெட் கேஸ்கெட்டே கிடையாது. இரும்புத் தகடுகளுக்கு நடுவே அலுமினிய ஹவுசிங் அடுக்கி, இடையில் ரப்பர் வாட்டர் சீல் போட்டிருப்பார்கள். ஒரே ஒரு முறை நன்றாகச் சூடேறினாலும் அந்த சீல் போகலாம். அதை மாற்ற எஞ்சினை முழுதாகப் பிரித்தாக வேண்டும். அந்தக் கார் உள்ளவர்கள் கீழே வரும் கம்ப்ரெஷன் சோதனையை ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டரில் செய்ய வேண்டும். சாதாரண மீட்டர் மூன்று அறைகளில் அதிகமானதை மட்டும் காட்டி ஏமாற்றும்.

எஞ்சின் ஆறியபின், சுழற்றாமலே பார்க்க வேண்டியவை

ஒரு ராத்திரி நிற்கட்டும். காலையில் முதலில் கூலண்ட் மட்டம். குறைந்திருந்தால் அது எங்கே போனது என்பதுதான் கேள்வி. ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்பின் கசிவுத் துளை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்கள், டேங்க் ஆகியவற்றில் காய்ந்த வெள்ளைக் கறையோ கூலண்ட் நிறத்தில் கறையோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். வெளியே எங்கும் தடயம் இல்லாமல் மட்டம் மட்டும் குறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தரையில் சிந்தியிருந்தால் கழுவித் துடைத்துவிடுங்கள். கூலண்ட் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது அவற்றுக்குக் கொடிய விஷம்.

அடுத்து ஆயில். மூடியின் அடியில் பால்போன்ற பசை தெரிந்தால் பலரும் பதறுவார்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி வரும். நம்பகமான வழி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி முதலில் சொட்டுவதைப் பார்ப்பது. கூலண்ட் ஆயிலைவிடக் கனமானது. ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் அடியில் தங்கி, ஆயிலுக்கு முன்னால் வெளியே வரும். டிரை சம்ப் உள்ள கார்களில் ஆயில் டேங்க் தனியாக இருக்கும், அங்கேயும் பாருங்கள். ஆயிலில் கூலண்ட் இருந்தாலே கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆயிலைக் கூலண்ட் வழியாகக் குளிர்விக்கும் ஆயில் கூலர் உள்ளே ஓட்டையானாலும் இதே காட்சிதான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் அதன் ஆயிலையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலண்ட் ஆவியாகப் போயிருக்கிறது. இந்த ஒரு சோதனைக்குப் பிளக் ஸ்பானர் தவிர எதுவும் வேண்டாம், ஆனால் சொல்லும் சேதி அபாரம். பிளக்கின் பீங்கானில் வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் அது நாக்கிங்கில் தெறித்த பிஸ்டன் அலுமினியம்.

பிளக் துளை வழியே போரோஸ்கோப் கேமராவை விட்டுச் சுவரையும் பிஸ்டன் தலையையும் பாருங்கள். சிலிண்டர் சுவரில் தயாரிப்பின்போதே ஹோனிங் செய்து இழைத்த குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் நிம்மதி. செங்குத்தாக ஆழமான கீறல் இருந்தால் பிஸ்டன் உரசியிருக்கிறது. கரி படிந்த பிஸ்டன்களுக்கு நடுவே ஒன்று மட்டும் துடைத்ததுபோல் இருந்தால், பிளக் சொன்னதையே அதுவும் சொல்கிறது.

அழுத்தச் சோதனை

கூலண்டை நிரப்பி, மூடி இருக்குமிடத்தில் கைப்பம்ப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்றுங்கள். அதற்குமேல் போகக் கூடாது. கால் மணி நேரம் காத்திருங்கள். முள் இறங்கி, வெளியே எங்கும் சொட்டவில்லை என்றால் கூலண்ட் உள்ளேதான் போகிறது. பிளக்குகளைக் கழற்றியே வைத்துக்கொண்டு இதைச் செய்தால், அழுத்தம் இறங்கியபின் கேமராவை விட்டு எந்த சிலிண்டரில் துளி நிற்கிறது என்று கையோடு பார்த்துவிடலாம்.

அதே பம்பில் மூடியையும் சோதியுங்கள். அழுத்தம் பிடிக்காத மூடியே இத்தனைக்கும் காரணமாக இருந்த வண்டிகள் உண்டு.

இப்போது சுழற்றலாம்: கம்ப்ரெஷனும் லீக்-டவுனும்

பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில், புது ஃபில்டர் போடுங்கள். இறக்கிய ஆயிலில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். பிளக் எதையும் மாட்டாமல், கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சின் சுழலும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றுங்கள். எங்காவது பிடித்தால் நிறுத்திவிடுங்கள். பிளக் மாட்டிய நிலையில் சிலிண்டருக்குள் கூலண்ட் நின்றிருந்து, ஸ்டார்ட்டரை அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். திரவம் அமுங்காது.

கம்ப்ரெஷன் பார்க்கும்போது எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, எல்லா சிலிண்டரையும் ஒரே எண்ணிக்கையில் சுற்றவிடுங்கள். எண்கள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதே கணக்கு. பொதுவாக, மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு நடுவிலுள்ள கேஸ்கெட்தான் முதல் சந்தேகம். தாழ்ந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பது பழைய வழக்கம், எண் ஏறினால் ரிங் பழுது என்பார்கள். படுத்த நிலையில் சிலிண்டர்கள் உள்ள பாக்ஸர் எஞ்சினில் ஆயில் ஒரு பக்கமே தேங்குவதால் இதை நம்பாதீர்கள்.

எனக்கு லீக்-டவுன் சோதனைமீதுதான் அதிக நம்பிக்கை. பிஸ்டனைக் கம்ப்ரெஷனின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று சதவீதத்தில் பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் எங்கோ பழுது. ஆனால் எண்ணைவிடக் காற்று எந்த வழியே வெளியேறுகிறது என்பது முக்கியம். ஆயில் மூடித் துளையில் சீறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. பக்கத்துப் பிளக் துளையில் வந்தால் நடுக் கேஸ்கெட். கூலண்ட் டேங்கில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல், இனி ஓட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, ஹெட்டை இறக்கியாக வேண்டும்.

எல்லாம் தேறினால் முதல் ஸ்டார்ட்

கூலண்டை நிரப்பிக் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். எஞ்சின் நடுவிலோ பின்னாலோ இருந்து, ரேடியேட்டர் முன்னால் இருக்கும் கார்களில் இது விளையாட்டு வேலை கிடையாது. நீண்ட குழாய்களில் காற்று மாட்டிக்கொண்டால், நல்ல எஞ்சினும் பத்தே நிமிடத்தில் மறுபடி சூடேறும். டொயோட்டா எம்ஆர்2 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். வெற்றிடம் உண்டாக்கி கூலண்டை உள்ளே இழுக்கவைக்கும் கருவி கிடைத்தால் அதுவே மேல்.

ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் உடனே அணைத்துவிடுங்கள். அது வெப்பத்தின் அழுத்தமாக இருக்க முடியாது, எரிந்த வாயு புகுந்திருக்கிறது. இறுகவில்லை என்றால் சூடேறும் வரை ஓடவிட்டு, கூலண்ட் டேங்கின் வாயில் பிளாக் டெஸ்டர் வைத்துச் சோதியுங்கள். அதன் நீல நிறத் திரவம் எரிந்த வாயு பட்டால் மஞ்சளாக மாறும். மேலே உள்ள காற்றை மட்டும்தான் உறிஞ்ச வேண்டும், கூலண்ட் உள்ளே போனால் சோதனை கெட்டுவிடும். சின்னக் கசிவு சுமை கொடுக்கும்போதுதான் தலைகாட்டும். ஒரு முறை நிறம் மாறவில்லை என்பதோடு நிறுத்தாமல், அக்கம்பக்கத்திலேயே சிறிது தூரம் மெதுவாக ஓட்டி வந்தபின் மறுபடி பாருங்கள். வெண்புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கசிவை அடைக்கும் பவுடர், திரவம் எதையும் ஊற்றாதீர்கள். ஓட்டையைவிட ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் ஹீட்டர் கோரையும் அடைப்பதில்தான் அவை சமர்த்து. அடுத்த முறை சூடேற அதுவே வழி செய்யும்.

ஹெட் இறங்கினால் எதைக் கேட்க வேண்டும்

"ஃபேசிங் போட்டுக் கேஸ்கெட் மாத்திட்டேன்" (ஹெட்டின் அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவினேன்) என்ற ஒரு வரியோடு வண்டியை வாங்கி வராதீர்கள். ஸ்ட்ரெயிட் எட்ஜும் (நேர்ச் சட்டம்) ஃபீலர் கேஜும் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைக்கு மூலை எவ்வளவு வளைந்திருந்தது என்று எண்ணாகக் கேளுங்கள். அனுமதி பெரும்பாலும் 0.05 மி.மீ. அளவில்தான் இருக்கும். உலோகத் தகடுகள் அடுக்கிய நவீன கேஸ்கெட்டுக்கு வழவழப்பும் மிக முக்கியம். ஹெட்டை மட்டும் பார்த்தால் போதாது, பிளாக்கின் மேற்பரப்பையும் அதேபோல் அளக்க வேண்டும். ஹெட்டுக்கு அழுத்த நீரில் விரிசல் சோதனை, அதோடு கெட்டித்தன்மைச் சோதனை. மென்மையாகிவிட்ட ஹெட்டை எவ்வளவு அழகாகச் சீவினாலும் வீண், வேறு ஹெட் வாங்குவதே வழி.

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே அமர்ந்திருக்கும் எஞ்சினில் ஹெட் வளைந்தால் கேம் உட்காரும் துளைகளும் கோணியிருக்கும். அடிப்பக்கத்தை மட்டும் சீவினால் கேம் இறுகிப் பிடிக்கும். கேம் கையால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இழுபட்டு இறுகும் வகை ஹெட் போல்ட்கள் ஒரு முறைதான், புதிது வேண்டும். வி வடிவ எஞ்சினிலோ பாக்ஸரிலோ ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் இறக்கச் சொல்வேன். அதே சூட்டைத்தான் மறுபக்கமும் பட்டிருக்கிறது.

ஆயிலில் கூலண்ட் கலந்த நிலையில் ஓடியிருந்தால், சம்ப்பையும் கழற்றி ஒன்றிரண்டு பேரிங்கையாவது திறந்து பார்க்காமல் மூட விடாதீர்கள். எடுத்து வைத்த ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் இதற்காகத்தான். சோடியமும் பொட்டாசியமும் கூடியிருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது. ஈயமும் செம்பும் கூடியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அலுமினியமும் இரும்பும் சேர்ந்து கூடினால் பிஸ்டனும் சுவரும் உரசியிருக்கின்றன.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்

எஞ்சின் தப்பியிருந்தாலும் சரி, புதிதாகக் கட்டியிருந்தாலும் சரி, சூடேறியது ஏன் என்று தெரியாவிட்டால் அத்தனையும் மறுபடி நடக்கும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன், அதன் ரிலே, சென்சார். வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், சப்பிப்போகும் கீழ் ஹோஸ். எப்போதும் என்றால் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் அல்லது உள்ளே மாட்டிய காற்று. ஸ்போர்ட்ஸ் கார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது முன் பம்பரின் காற்று வாய்களை. தரையை ஒட்டி இருப்பதால் இலையும் குப்பையும் வாரிக்கொண்டு ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவே அடைந்துகிடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பம்பரைக் கழற்றியே சுத்தம் செய்ய வேண்டும். காற்றை ரேடியேட்டர் பக்கம் திருப்பிவிடும் பிளாஸ்டிக் தடுப்புகளை யாராவது கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வாட்டர் பம்பின் இறக்கை பிளாஸ்டிக் என்றால், வெளியே சொட்டாமலே உள்ளே உடைந்திருக்கலாம்.

டிராக்குக்காகக் கூலண்டை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றியவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். தண்ணீர் வெப்பத்தை நன்றாகவே கடத்தும், ஆனால் கொதிநிலை கீழே. மூடி சரியில்லை என்றால் விளிம்பிலேயே ஓடுகிறீர்கள்.

ஒரு முறை வெந்த பிளாஸ்டிக் டேங்க், தெர்மோஸ்டாட் கூடு, பழைய ஹோஸ்கள் எல்லாம் பின்னால் நொறுங்கும். எஞ்சின் பிரிந்திருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்த சில வாரங்கள்

முதல் வாரம் தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் மட்டத்தை டேப் ஒட்டிக் குறித்து ஒப்பிடுங்கள். ஸ்கேனரில் உண்மையான டிகிரியை பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், முள்ளைப் பார்த்து அல்ல. முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், டிராக் வேண்டவே வேண்டாம். 500 கிலோமீட்டர் வாக்கில் ஆயிலை மறுபடி மாற்றி, ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் மினுமினுக்கும் உலோகத் தூள் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். அந்த ஆயிலையும் ஆய்வகத்துக்கு அனுப்பி முதல் அறிக்கையோடு ஒப்பிட்டால், தேய்மானம் நின்றுவிட்டதா தொடர்கிறதா என்று எண்களே சொல்லும். அதுவரை வண்டியை விற்கவும் வேண்டாம், ரேஸுக்கு எடுத்துப் போகவும் வேண்டாம்.